சுடுகின்ற லப்டொப்: கொழும்பு வெக்கையில் பிழை தேடுதல்

லப்டொப் ஒன்று உள்வாங்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. திரையின் வெளிச்சம், ஒலிபெருக்கியின் ஓசை, வைஃபை அலைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அது சிறு பங்குதான். அவையும் அறையின் சுவர்களில் பட்டுக் கடைசியில் வெப்பமாகிவிடுகின்றன. காணி வழக்கொன்றுக்கு மனுத் தயாரித்தாலும் சரி, கிரிக்கெட் பார்த்தாலும் சரி, 30 வாற்று உள்ளே போனால் 30 வாற்று வெளியே வந்தாக வேண்டும். இயந்திரம் சூடாவது இயல்பு. உண்டாகும் வேகத்துக்கு ஈடாக வெப்பம் வெளியேறாதபோதே கோளாறு தொடங்குகிறது. ஆகவே பிழை தேடும் வேலை முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கும்: வெப்பம் போகும் வழியில் எந்த இடத்தில் தடைப்படுகிறது?

அந்த வழி குறுகியது. நகத்தளவான சிலிக்கன் சில்லில் வெப்பம் பிறக்கிறது. சில்லின் முதுகில் மெல்லியதாக வெப்பப் பசை. பசையின் மேல் செப்புத் தகடு. தகட்டோடு பொருத்திய தட்டையான செப்புக் குழாய். குழாயின் மறுமுனையில் நெருக்கமான உலோகச் செதில்கள். அவற்றின் ஊடாகக் காற்றைத் தள்ளும் விசிறி. அதற்கப்பால் அறைக் காற்று. சில்லும் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டின் மேற்பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. பசை இல்லாவிட்டால் அந்தப் பள்ளங்களில் காற்று நிற்கும். செம்போடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. பசை காய்ந்துபோன லப்டொப் ஏன் அப்படிக் கொதிக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

செப்புக் குழாய் திண்மமான கம்பி அல்ல. உள்ளிருக்கும் காற்றை அகற்றி, சிறிதளவு நீர் விட்டு அடைத்த குழாய் அது. அமுக்கம் மிகக் குறைவாக இருப்பதால் நீர் 100 பாகைக்கு வெகு முன்பே ஆவியாகிறது; ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, வெப்பத்தைச் செதில்களிடம் விட்டு நீராகி, உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியே திரும்பி வருகிறது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் 1963இல் விண்வெளி மின்னுற்பத்தி ஆய்வுக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. இன்று மடியில் வைக்கும் பொருளுக்குள் அதே தத்துவம் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. குழாய் நசுங்கினாலோ மயிரிழை வெடிப்பு விட்டாலோ உள்ளே காற்று புகுந்துவிடும். அதன்பின் அது வெறும் செப்புக் குழாய்தான். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது.

இவ்வளவு வெப்பம் இந்தச் சிறு பொருளுக்கு எப்படி வந்தது? ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்டும் சகாக்களும் 1974இல் காட்டிய வாய்ப்பாட்டின்படி, திரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதன் மின்னழுத்தமும் குறையும். பரப்புக்கான வெப்பம் ஏறாது. முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்குப் பலித்தது. 2000களின் நடுவில் மின்கசிவு குறுக்கிட்டது. டெஜாஸ் என்ற பெயரில் வடிவமைத்துக்கொண்டிருந்த சில்லை இன்ரெல் 2004 மே மாதம் கைவிட்டு, ஒரே சில்லில் பல கருக்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. இப்போதைய சில்லுகள் வேறொரு தந்திரம் செய்கின்றன. இன்ரெல்லின் 12ஆம் தலைமுறையைச் சேர்ந்த மெல்லிய லப்டொப்புகளுக்கான ஐ7-1255யூ சில்லின் அடிப்படை அளவு 15 வாற்று. உச்ச அளவு 55 வாற்று. சில வினாடிகள் பாய்ந்து ஓடிப் பிறகு அடங்குவதே திட்டம். விளம்பரத்தில் வருவது அந்த வினாடிகளின் வேகம்.

இனி அறை. இதுதான் கொழும்புக்காரர் முதலில் பார்க்க வேண்டிய இடம். பயன்பாட்டுக் கையேடுகள் ஒரு வரியில் கடந்துபோகும் இடமும் இதுவே. புதுக்கடையில் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் சூழ்ந்த தெருக்களில் சட்டத்தரணிகளின் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன: பழைய கட்டடம், ஒற்றை யன்னல், கூரை விசிறி, சுவர் மறைய வழக்குக் கோப்புகள். கொழும்பின் பகல் உச்ச வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 30 முதல் 32 பாகை; சூரியன் இலங்கையின் நேர் உச்சியைக் கடக்கும் ஏப்ரல் முற்பகுதியில் தகரக் கூரையின் கீழான மேல்மாடி அறை அதையும் தாண்டும். ஆப்பிள் தன் மக்புக்குகளுக்கு விதிக்கும் எல்லை 10 முதல் 35 பாகை. ஏனைய நிறுவனங்கள் பலவற்றின் மேல் எல்லையும் அதுவே.

அறை வெப்பம் சில்லின் வெப்பநிலையோடு நேராகக் கூடுகிறது. 20 பாகை அறையில் முழுச் சுமையில் 85 பாகை காட்டும் லப்டொப், அதே வேலையை 31 பாகை அறையில் செய்தால் ஏறத்தாழ 96ஐத் தொடும். குளிர்நாட்டு இணையத்தளத்தில் ‘அருமையான குளிர்ச்சி’ என்று பாராட்டுப் பெற்ற மாதிரி, இங்கே மத்தியானம் மூச்சுத் திணறுவது இதனால்தான். அந்த 11 பாகையைப் பசையாலும் தூரிகையாலும் போக்க முடியாது. குளிரூட்டிய 24 பாகை அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் அதே சில்லு 89க்கு இறங்கும்.

புழுக்கத்தை இங்கே தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனிதனுக்குக் கொழும்பு தாங்கமுடியாமல் இருப்பதற்குக் காரணம் வியர்வை உலராமை. லப்டொப்புக்கு வியர்வை இல்லை. 31 பாகை ஈரக் காற்றும் 31 பாகை உலர்ந்த காற்றும் அதன் செதில்களுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஈரப்பதன் வேறு வழியில் பழிவாங்குகிறது. உப்பு, காற்றின் சார் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய வீடுகளின் காற்றில் உப்புத் துகள் எப்போதும் உண்டு. கொழும்பின் ஈரப்பதனும் நாளின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேயே நிற்கும். விசிறி உள்ளிழுத்த உப்பு, செதில்களிலும் மதர்போட்டின் இணைப்புகளிலும் ஈரப் படலமாகப் படிந்து உலோகத்தை அரிக்கிறது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடொன்றில் சாம்பிராணிப் புகையும் நுளம்புச் சுருளின் புகையும் அந்த வேலையை வேறு விதமாகச் செய்கின்றன: அவற்றின் பிசுபிசுப்பில் தூசி ஒட்டினால் ஊதினாலும் போகாது.

எது அளவுக்கு மீறிய சூடு? கைக்குச் சுடுவதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. உலோக உடல் கொண்ட லப்டொப் வெப்பத்தைத் தோலுக்கு நன்றாகக் கடத்தும், பிளாஸ்டிக் உடல் மறைக்கும். எச்டபிள்யூமொனிட்டர் போன்ற இலவச மென்பொருள் சில்லின் உள்ளுணரிகள் சொல்வதை அப்படியே காட்டும். கொழும்பு அறையில் சும்மா இருக்கும்போது 45 முதல் 60 பாகை, எழுத்து வேலையில் 60 முதல் 80 என்றால் கவலையில்லை. பாரமான கோப்பைத் திறக்கும் சில வினாடிகள் 90க்கு மேல் எகிறுவதும் வடிவமைப்பின்படியே. லப்டொப் சில்லுகளின் எல்லை பெரும்பாலும் 95 முதல் 105 பாகைக்குள் வைக்கப்பட்டிருக்கும்; அதைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எல்லையில் நிமிடக்கணக்காக நின்று, வேகம் அடிப்படை அளவுக்கும் கீழே இறங்கினால் அது கோளாறு. வேகக் குறைப்பும் உதவாதபோது இயந்திரம் பட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் பதிவேட்டில் அதன்பின் காணப்படும் ‘கேர்னல்-பவர் 41’ என்ற குறிப்பை வைத்து வெப்பம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பற்றரி பழுதானாலும் சார்ஜர் கழன்றாலும் அதே குறிப்புத்தான் வரும்.

தடை எங்கே என்பதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கையும் மணிக்கூடும் போதும். சுமை கொடுத்து, காற்று வெளியேறும் வாயில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வந்தால் குளிர்விப்பு அமைப்பு தன் கடமையைச் செய்கிறது. சில்லுக்கு வேலை அதிகம், மென்பொருளைப் பார்க்க வேண்டும். விசிறி இரைச்சலோடு சுற்றியும் காற்று மெல்லியதாக, ஆனால் கொதிப்பாக வந்தால் செதில்கள் அடைத்திருக்கின்றன. சில்லு 95 பாகை காட்டும்போதே காற்று பலமாகவும் மிதமான சூட்டோடும் வந்தால் வெப்பம் செதில்கள் வரை வந்து சேரவேயில்லை: பசை காய்ந்திருக்கும், தகட்டின் திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது குழாய் போயிருக்கும். காற்றே வராவிட்டால் விசிறி நின்றுவிட்டது. சில மாதிரிகளில் விசிறியே கிடையாது. 2020இல் வந்த எம்1 மக்புக் எயார் அப்படிப்பட்டது. அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மணிக்கூடு சொல்வதும் அதே அளவு பயனுள்ளது. சுமை தொடங்கி ஒன்றிரண்டு வினாடிக்குள் 50இலிருந்து 95க்குப் பாய்ந்து, சுமை நின்றதும் அதே வேகத்தில் விழுந்தால், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலான தொடர்பில் குறை. செம்பின் பெரிய உடல் சூடேறச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. பல நிமிடங்களில் படிப்படியாக ஏறி, சுமை நின்ற பின்னும் இறங்க மறுத்தால், செம்பு சூடாகி நிற்கிறது, காற்றோட்டத்தில்தான் தடை. இந்தச் சில நிமிடச் சோதனையைச் செய்யாமல் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவச் சொல்வது மிகப் பரவலான முதல் ஆலோசனை. அடைத்த செதிலை எந்த இயங்குதளமும் திறந்துவிடாது.

மென்பொருள்தான் காரணம் என்று தெரிந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, எந்த நிரல் சில்லை உண்கிறது என்று பார்க்கலாம். வழக்கமான குற்றவாளிகள் சிலரே: நாற்பது பக்கங்கள் திறந்து கிடக்கும் உலாவி, பின்னணியில் இறங்கும் விண்டோஸ் அப்டேட், ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வைரஸ் தடுப்பான்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களை வருடி எழுத்தாக மாற்றும் வேலை சட்ட அலுவலகங்களில் அடிக்கடி நடப்பது. அது நியாயமான சுமை, முடிந்ததும் அடங்கிவிடும். மக்புக்கில் ‘கேர்னல்_டாஸ்க்’ என்ற பெயர் பட்டியலின் உச்சியில் நின்றால் அதை நிறுத்த முயல்வது வீண். சில்லை மற்ற நிரல்கள் எடுக்கவிடாமல் பிடித்துவைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துவது அதன் பணிகளில் ஒன்று. அது நோயின் அறிகுறி.

பைக்குள் வைத்த லப்டொப் நெருப்பாகச் சுடுவது தனி வகை. புதிய விண்டோஸ் இயந்திரங்கள் பல, மூடியை மூடினால் முழுதாக உறங்குவதில்லை. கைத்தொலைபேசி போல வலையமைப்போடு தொடர்பு வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கும். அப்டேட் ஒன்று அந்நேரம் விழித்துக்கொண்டால், துணிப்பைக்குள் காற்றில்லாமல் விசிறி சுற்றும். மூடியை மூடும்போது ‘ஹைபர்னேட்’ ஆகும்படி மின்சார அமைப்பில் மாற்றிவிடுவதோ, பஸ் ஏறுமுன் முழுமையாக அணைத்துவிடுவதோ இதற்குத் தீர்வு.

வெப்பத்தைக் குறைக்கச் செலவே இல்லாத வழி, பாய்ச்சல் வேகத்தை வெட்டுவது. சில்லின் மின்செலவு, வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது; வேகம் கூடும்போது மின்னழுத்தமும் கூட வேண்டியிருக்கிறது. இரண்டும் 20 வீதம் குறைந்தால் மின்செலவு ஏறத்தாழ பாதியாகிவிடும். பல விண்டோஸ் லப்டொப்புகளில் செயலியின் உச்ச நிலையை 100இலிருந்து 99 வீதமாக்கினாலே அடிப்படை வேகத்துக்கு மேலான பாய்ச்சல் நின்றுவிடுகிறது. வேர்ட்டில் உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு வித்தியாசம் தெரியாது. காணொளி தொகுப்பவருக்குத் தெரியும். மின்னழுத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கும் வழியும் முன்பு பரவலாக இருந்தது. ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பாதுகாப்புக் குறை 2019இல் வெளியான பிறகு பல இன்ரெல் இயந்திரங்களில் அந்தக் கதவு மூடப்பட்டது.

தூசிதான் காரணம் என்றால் திறந்து பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. கோப்புக் கடதாசியின் துகள், உடையின் நூல், தலைமயிர் எல்லாம் விசிறிக்கும் செதிலுக்கும் இடையே கம்பளித் துண்டு போலப் படிந்து நிற்கும். இது செதிலின் உட்புறத்தில் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளிவாயில் ஊதினால் கட்டி பெயர்ந்து விசிறிக்குள்தான் விழும். இயந்திரத்தை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பற்றரியின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டே ஊத வேண்டும். கட்டற்றுச் சுழன்றால் அச்சு தேயும். அழுத்தக் காற்றுக் குப்பியைச் சரித்தால் குளிர்ந்த திரவம் பீறிடும், ஆகவே நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். வீட்டுத் தூசுறிஞ்சி நிலைமின்னை உண்டாக்கக்கூடியது, தவிர்ப்பது நல்லது. சுருள்புகையின் பிசுக்கு ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்த்த தூரிகை வேண்டும். எறும்பு முட்டையும் கரப்பான் எச்சமும் கண்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெதுவெதுப்பும் இருட்டும் அவற்றுக்குப் பிடித்தவை.

பசை மாற்றுவது கொஞ்சம் நிதானம் கேட்கும் வேலை. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, சில ஆண்டுகளில் பசை ஓரங்களுக்குப் பிதுங்கி நடுவில் காய்ந்துபோகிறது. தகட்டின் திருகாணிகளின் அருகே 1, 2, 3, 4 என்று இலக்கமிட்டிருக்கும். இறுக்கும்போது அந்த வரிசையையே பின்பற்ற வேண்டும், இல்லாவிட்டால் சில்லின் மூலை உடையக்கூடும். பழைய பசையை முழுதாகத் துடைத்துவிட்டுச் சிறிதளவு புதியது வைத்தால் போதும். கிராபிக்ஸ் நினைவகத்தின் மேலுள்ள மென்மையான வெப்பத் திண்டுகளைக் கழற்றிவிட்டு அங்கே பசை தடவுவது பலர் செய்யும் தவறு. அந்த இடைவெளி பசையால் நிரம்பாது. திண்டின் தடிப்பு முன்பிருந்ததே இருக்க வேண்டும். பசை தீர்ந்தால் பற்பசை தடவலாம் என்ற யோசனை ஒன்றும் உலவுகிறது. சில நாளில் அது காய்ந்து சுண்ணாம்பாகும். கலியம் கலந்த திரவ உலோகம் நன்றாகக் கடத்தும், ஆனால் அலுமினியத்தை அரித்துத் தின்னும். பழக்கமில்லாத கைக்கு அது வேண்டாம்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் சுடுகிறது என்றால் தயாரிப்பிலேயே குறை இருக்கலாம். 2018 யூலையில் வெளியான ஐ9 மக்புக் புரோ, பாரமான வேலையில் அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுந்தது. வெப்பக் கட்டுப்பாட்டு நிரலில் ஓர் இலக்கத் திறவுகோல் விடுபட்டிருந்ததாக ஒப்புக்கொண்டு அதே மாதம் 24ஆம் திகதி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. ஆகவே பயாஸ் அப்டேட்டைப் பார்க்காமல் திருகாணியைத் தொடுவது முறையல்ல. அதற்குப் பத்தாண்டு முன், 2008இல், என்விடியா தன் லப்டொப் கிராபிக்ஸ் சில்லுகள் சிலவற்றின் பொதிப்புப் பொருள் பலவீனமானது என்று அறிவித்து 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்க நேர்ந்தது. சூடாகிக் குளிரும் ஒவ்வொரு சுற்றும் அந்தப் பொருளைத் தளர்த்தியது. அத்தகைய சில்லை வெப்பக் காற்றால் வாட்டிச் சிறிது காலம் ஓட்டலாம். அது பழுதுநீக்கம் ஆகாது.

பற்றரி வேறு விதிக்கு உட்பட்டது. சில்லு 90 பாகையில் வாழப் பழகியது. இலித்தியம் பற்றரிக்கு 40 பாகையே துன்பம். முழுதாக ஏற்றிய நிலையில் வெக்கையில் கிடந்தால் அதன் கொள்ளளவு ஓராண்டிலேயே கணிசமாகக் குறையும். நாள் முழுதும் சார்ஜரில் மாட்டி வைத்திருக்கும் அலுவலக லப்டொப்பில் ஏற்றத்தை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால், கொழும்பில் அதை இயக்கிவிடுவதே புத்தி. தொடுபலகை மேலே தள்ளப்பட்டாலோ, அடிமூடி பொருந்தாமல் பிதுங்கினாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. அங்கே தேடுதலை நிறுத்த வேண்டும்: சார்ஜ் ஏற்றக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தவே கூடாது. 2006 யூனில் ஒசாகாவில் மாநாடு ஒன்றின்போது டெல் லப்டொப் தீப்பற்றியது. ஓகஸ்டில் அந்நிறுவனம் சொனி தயாரித்த 41 இலட்சம் பற்றரிகளைத் திரும்பப் பெற்றது. கலங்களுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்களே காரணம். வீங்கிய பற்றரியை வீட்டுக் குப்பையோடு போடாமல் இலத்திரனியல் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும்.

உடனடி நிவாரணங்களில் பயனுள்ளவை எளியவைதான். மெத்தையும் தலையணையும் அடிவாயை அடைக்கும். மேசைமேல் பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தாலே காற்றுக்கு வழி கிடைக்கும். விசிறி பொருத்திய தாங்கி, அடிப்புறம் காற்றிழுக்கும் மாதிரிகளுக்கு உதவும். விசைப்பலகை வழியே இழுக்கும் மாதிரிகளுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மடியில் நேரடியாக மணிக்கணக்கில் வைத்திருந்தால் தோலில் வலை போன்ற செம்பழுப்புத் தழும்பு விழும் என்பது மருத்துவ ஏடுகளில் பதிவானது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் பனிக்கட்டிப் பை அணைப்பதும் இங்கே ஆபத்து: கொழும்புக் காற்றின் பனிபடுநிலை 24 பாகையளவில் இருப்பதால், அதைவிடக் குளிர்ந்த எந்த மேற்பரப்பிலும், உள்ளேயும் வெளியேயும், நீர் முத்துவிடும். கடுங்குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்த லப்டொப்பையும் சற்று நேரம் விட்டே இயக்க வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில் ஒரு விசித்திரம் தென்படும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, அறை விசிறி ஓடாமலும் பல லப்டொப்புகள் சூடு குறைந்தே இருந்திருக்கும். பற்றரியில் ஓடும்போது சில்லு தன் உச்ச மின்செலவைக் குறைத்துக்கொள்வதே காரணம். மின்சாரம் வந்ததும் பற்றரி ஏற்றமும் முழுவேகமும் ஒன்றாகச் சேர, அப்போதுதான் கொதிப்பு. ஆகவே சோதனைகளைச் சார்ஜர் மாட்டிய நிலையிலும் கழற்றிய நிலையிலும் தனித்தனியே செய்ய வேண்டும்.

பழுது நீங்கியதா என்பதை நினைவை நம்பித் தீர்மானிக்க முடியாது. வேலை தொடங்குமுன் அறை வெப்பநிலை, சும்மா இருக்கும்போதைய அளவு, பத்து நிமிடச் சுமையின் பின்னான அளவு, அப்போதைய சில்லு வேகம் ஆகிய நான்கையும் எழுதி வைத்து, முடிந்த பின் அதே அறையில், நாளின் அதே வேளையில், அதே நிரலை ஓட்டி மறுபடி எழுத வேண்டும். காலையில் குளிரூட்டிய கடையில் 78 காட்டிய லப்டொப், பிற்பகல் மூன்று மணிக்குப் புதுக்கடை அறையில் 86 காட்டினால் கடைக்காரர் ஏமாற்றியதாகாது; அறைகளுக்கு இடையே எட்டுப் பாகை வித்தியாசம் இருந்திருக்கும். அறையின் அளவைக் கழித்த பின் எஞ்சும் எண் குறைந்திருந்தால் வேலை பலித்தது. குறையாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது குழாய்.